பூனை ஏழு வீடு பார்த்த கதை

அந்தக் காலத்தில் பேச்சு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. எருமை குளத்தில் இறங்கும் முன் தண்ணீரிடம், "இறங்கலாமா?" என்று கேட்கும். "கொஞ்சம் பொறு, மீன்கள் தூங்கி எழட்டும்" என்று தண்ணீர் சொல்லும். மழைகூட முதலில் வாசலில் வந்து நின்று, வடகம் காயப்போட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பெய்யும். அவ்வளவு மரியாதை தெரிந்த காலம் அது. இப்போதைய மழையிடம் அதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

அப்போது பூனைகள் ஊருக்குள் இல்லை. காட்டில் இருந்தன. மலையடியில் நின்ற ஒரு பழைய இலுப்பை மரத்தின் பொந்தில் சாம்பி என்றொரு பூனை இருந்தது. ஆறிப்போன அடுப்புச் சாம்பலின் நிறம், அதனால் அந்தப் பெயர். அது நான்கு குட்டிகள் போட்டிருந்தது. இரண்டு அம்மாவைப் போலச் சாம்பல், ஒன்று செம்பட்டை. நான்காவது குட்டி முழுக்கக் கறுப்பு. வால் நுனி மட்டும் வெள்ளை. அதற்கு மையி என்று பெயர். அம்மாவுக்கு எல்லாக் குட்டியும் ஒன்றுதான் என்பார்கள். ஆனாலும் சாம்பி மையியை மட்டும் இரண்டு தடவை நக்கிக் கொடுக்கும்.

ஓர் ஐப்பசி மாதக் காலையில் இலுப்பை மரம் பூனையைக் கூப்பிட்டது. "சாம்பி, என் வேர் இற்றுப்போய்விட்டது. நாளைக் காலையில் நான் விழுந்துவிடுவேன். குட்டிகள் கண் திறந்துவிட்டனவா?"

"நேற்றுத்தான் திறந்தன."

"அப்படியானால் நாளை எடுத்துப் போய்விடு. நாலாவது குட்டி வெளியே போகும்வரை நிற்கிறேன்."

மறுநாள் காற்று மலையிலிருந்து இறங்கி வந்தது. மரம் முனகிக்கொண்டே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சாம்பி குட்டிகளைக் கவ்விக் கொண்டுபோய்ப் புல்லில் வைத்தது. கடைசியாக மையியை வெளியே எடுத்ததும் மரம், "ம், சரி" என்றது. அதன் பிறகுதான் விழுந்தது.

காட்டில் ஒரு சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. சாம்பிக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

அடைமழைக் காலம் வரப்போகிறது. பொந்து இல்லாத குட்டிகளை நரி விடாது. நரியிடம் தப்பினாலும் குளிர் விடாது. மலைக்குக் கீழே குளக்கரையில் வாகைக்கரை என்று ஒரு ஊர். மொத்தமே ஏழு வீடுகள். சாயங்காலமானால் குளத்திலிருந்து பனி எழுந்து தெருவில் நடக்கும். அந்தப் பனிக்குள் ஏழு விளக்குகள் ஒவ்வொன்றாக மிதந்து வரும். மலையிலிருந்து பார்த்த சாம்பிக்கு அவை ஏழு பொந்துகளாகத் தெரிந்தன. 'அங்கே போய்க் கேட்போம். தருகிறோம் என்று யாராவது சொன்னால் போதும்' என்று நினைத்தது.

பகலில் தெருவில் நாய்கள் கிடக்கும். அதனால் விளக்கு வைக்கும் நேரம் பார்த்து இறங்கியது. அங்கேதான் தவறு நடந்தது.

வாகைக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு ஏற்றிய பிறகு அந்த வீட்டில் 'இல்லை' என்ற சொல் எழக்கூடாது. உப்புப் பானை காலியாக இருந்தாலும் 'உப்பு நிறைஞ்சிருக்கு' என்பார்கள். வாசலில் வந்து யார் எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பார்கள். ஊர்க்காரர்கள் யாரும் அந்த வார்த்தையை நம்பி ஏமாறுவதில்லை. விளக்கு நேரத்து 'ஆகட்டும்' வேறு, பகல் 'ஆகட்டும்' வேறு என்று தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் தெரியும். நிஜமாக ஒன்று தேவை என்றால் மறுநாள் வெயில் ஏறியதும் வந்து மறுபடி கேட்பார்கள். காட்டிலிருந்து இறங்கி வந்த பூனைக்கு இதை யார் சொல்வது?

முதல் வீடு செக்காட்டும் வீடு. வீட்டுக்காரி வீராயி அப்போதுதான் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"தாயே, குட்டிகளுக்கு ஒரு மூலை வேண்டும். நான் வெளியே இருந்துகொள்கிறேன். இருக்கலாமா?" என்று சாம்பி கேட்டது.

வீராயி விளக்கைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். "அதுக்கென்ன தாயி, ஆகட்டும்" என்றாள்.

சாம்பிக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. குட்டிகளைச் செக்கடியில் விட்டுவிட்டு இரை தேடப் போனது. விடிந்து வந்து பார்த்தால் நான்கு குட்டிகளும் வேலிக்கு வெளியே ஒரு கிழிந்த சாக்கில் கிடந்தன. "மாடு மிரளுது தாயி" என்று உள்ளேயிருந்தே குரல் வந்தது.

சாம்பி தன்னையே நொந்துகொண்டது. 'நான்தான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது' என்று நினைத்து, அன்று சாயங்காலம் இரண்டாவது வீட்டுக்குப் போய் இன்னும் பணிவாகக் கேட்டது. அங்கும் "ஆகட்டும்". விடியற்காலையில் குட்டிகள் வெற்றிலைக் கொடிக்காலின் ஓரத்தில், ஈரத்தில் கிடந்தன. மூன்றாவது வீடு குயவர் வீடு. அங்கே குட்டிகள்மீதும் தப்பு இருந்தது என்று சொல்ல வேண்டும். காயவைத்த பச்சைப் பானைகளில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பாதம் பதித்திருந்தன. நான்காவது வீட்டிலும் ஐந்தாவது வீட்டிலும் காரணம்கூட யாரும் சொல்லவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் இதில் பெரிய சங்கடம். கெட்டவர்கள் என்றால் சாம்பி முகத்தைப் பார்த்தே விலகிப் போயிருக்கும். இவர்கள் சிரித்த முகத்தோடு ஆகட்டும் என்றார்கள்.

ஆறாவது வீடு ஊரிலேயே பெரியது. ஐந்து முக விளக்கு எரிந்தது. இத்தனை வெளிச்சமுள்ள வீட்டில் சொல்லும் பெரிதாகத்தான் இருக்கும் என்று சாம்பி நம்பியது. "ஆகட்டும், ஆகட்டும், பேஷா இருக்கட்டும்" என்று அந்த வீட்டுக்காரர் மூன்று தடவை சொன்னார். விடிந்து வந்தபோது குட்டிகள் அங்கே இல்லை. தேடித் தேடி, வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு கூடையைக் கண்டது. கூடை ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உள்ளே மூன்று குட்டிகள்தான் இருந்தன.

மையி இல்லை.

சாம்பி அன்று பகல் முழுவதும் வாய்க்கால் கரையில் கூப்பிட்டுக்கொண்டே நடந்தது. "மையியைப் பார்த்தாயா?" என்று நாணலைக் கேட்டது. தவளையைக் கேட்டது. தண்ணீரைக் கேட்டது. எல்லாவற்றுக்கும் பேசத் தெரிந்த காலம்தான். ஆனால் அன்று தண்ணீர் பேசவில்லை. சாம்பியின் முகத்தைப் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. சாம்பி அழுதது. பூனை அழுது யாராவது பார்த்ததுண்டா? அன்று வாய்க்கால் பார்த்தது.

சாயங்காலம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு. காத்தாயி என்பவள் தனியாக இருந்து கயிறு திரிக்கிற வீடு. சின்ன விளக்கு. வாசலெல்லாம் தேங்காய் நார்க் குவியல். சாம்பி மூன்று குட்டிகளையும் வாசலில் வைத்துவிட்டு, பழகிப்போன வார்த்தைகளைச் சொன்னது.

"இல்ல" என்றாள் காத்தாயி. "இடம் இல்ல. போ."

சாம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொன்னீர்கள் அக்கா?"

"காது கேக்கலையா? இல்லன்னு சொன்னேன்."

"ஆறு நாளாக இந்த ஊரில் சுற்றுகிறேன். இப்படி ஒரு வார்த்தை இங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. எல்லாரும் ஆகட்டும் என்றுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு..." சாம்பி திரும்பி வாய்க்கால் பக்கம் பார்த்தது.

காத்தாயி திரிப்பதை நிறுத்தினாள். "நீ விளக்கு வச்ச பிறகா போய்க் கேட்ட? அட பைத்தியக்காரப் பூனை! விளக்கு எரியுறப்ப எவ வாயிலயும் இல்லன்னு வராது. வீட்டுக்கு ஆகாதுன்னு பயம். அது நெஜ ஆகட்டும் இல்ல, விளக்குக்குச் சொல்ற சமாதானம்."

"நீங்கள் மட்டும் சொன்னீர்களே?"

காத்தாயி தேங்காய் நாரைப் பிய்க்கத் தொடங்கினாள். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. பிரசவத்துக்கு வந்துருவியா அக்கான்னு ஆள் விட்டுக் கேட்டா. விளக்கு எரிஞ்சுது. ஆகட்டும்னு சொல்லிட்டேன். வேலை கிடந்துச்சு, போகல. அவளும் இந்த ஊர்ல பொறந்தவதான், வழக்கம் தெரிஞ்சவதான். ஆனா வலி எடுத்தவளுக்கு அது எந்த நேரத்துச் சொல்லுன்னு யோசிக்கத் தோணுமா? வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தாளாம். தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. அதுலேர்ந்து என்னால ஆகாததுக்கு ஆகட்டும்னு சொல்றதில்ல. விளக்கு கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "குட்டியெல்லாம் என்னால வளக்க முடியாது. வளத்து, அதுக்கு ஒண்ணு ஆகி, திரும்ப ஒரு தடவை அழ எனக்குத் தெம்பு இல்ல. போயிரு."

அப்போது மழை வந்து வாசலில் நின்றது. "காத்தாயி, பெய்யலாமா?"

"பொறு. கயித்தை உள்ள எடுத்துப் போட்டுக்கறேன்."

சாம்பிக்கு அவள்மேல் வருத்தமே வரவில்லை. ஆறு 'ஆகட்டும்'களைவிட அந்த ஒரு 'இல்லை' நன்றாக இருந்தது. அதில் நிற்க இடம் இருந்தது. மற்ற இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டு, முதலில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு குளத்துக்கு மேலே உள்ள பாறை இடுக்குக்குப் போனது. அங்கே ஏற்கெனவே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. குட்டியைக் கீழே வைக்கக் காய்ந்த இடம் ஒரு சாண்கூட இல்லை. வேறு வழி தெரியாமல், கவ்விய குட்டியோடு மறுபடியும் காத்தாயி வீட்டுக்கே வந்தது.

கதவு திறந்திருந்தது. காத்தாயி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நல்ல மெத்தென்ற நாராகப் பார்த்துப் பொறுக்கி, சும்மாடுபோல வட்டமாகச் சுற்றி வைத்திருந்தாள். அதற்குள் மற்ற இரண்டு குட்டிகளும் இருந்தன. ஆட்டுப்பாலில் துணித் திரியை நனைத்து ஒன்றின் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும், "இல்லன்னுதான் சொன்னேன். இப்பவும் இல்லன்னுதான் சொல்றேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

நிழல் அசைந்ததும் திரும்பினாள். வாசலில் சாம்பி, வாயில் குட்டி.

"என்ன பாக்குற? நான் சொன்னது சொன்னதுதான்."

சாம்பியின் நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்துவிட்டது. 'இருக்கலாமா அக்கா?' கேட்க வேண்டுமென்றால் குட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்து கேட்டால் அவள் இல்லை என்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான், மாற்ற மாட்டாள். சாம்பி அவள் வாயைப் பார்த்தது. பிறகு அவள் கையைப் பார்த்தது. ஆறு வீடுகளில் ஒருமுறைகூட அது கையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மையி இருந்திருக்கும்.

கேட்கவில்லை. மெதுவாக நடந்து போய், மூன்றாவது குட்டியை அந்த நார் வட்டத்துக்குள் வைத்தது. பக்கத்தில் சுருண்டு படுத்து வாயை மூடிக்கொண்டது.

காத்தாயியும் எதுவும் கேட்கவில்லை. திரியை மறுபடி பாலில் நனைத்தாள். மழை வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, கதவை அவள் சாத்திய பிறகுதான் பெய்தது.

மழைக்காலம் முழுவதும் அந்த வீட்டில் 'இரு' என்றும் யாரும் சொல்லவில்லை, 'இருக்கலாமா' என்றும் யாரும் கேட்கவில்லை. குட்டிகள் கயிற்றைப் பிடித்துத் தொங்கின. காத்தாயி திட்டினாள். திட்டிக்கொண்டே பாலில் கொஞ்சம் சோற்றைப் பிசைந்தாள். சில சாயங்காலங்களில் சாம்பி எதுவும் இல்லாத ஒரு மூலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே ஒரு வெள்ளை வால் நுனி தெரிகிறதோ என்னவோ. அப்போது காத்தாயியும் திரிப்பதை நிறுத்திவிட்டு, தங்கை வீட்டுத் திசையைப் பார்ப்பாள்.

தை பிறந்ததும் வீராயி வந்தாள். செக்கு வீட்டில் எலி பெருத்துவிட்டது. அதைவிட, அந்தக் கிழிந்த சாக்கு அவள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. விளக்கு வைத்த நேரம் பார்த்து வந்து, "காத்தாயி, ஒரு குட்டி குடேன். கண்ணு மாதிரி வச்சுக்கறேன்" என்றாள்.

"இப்பப் பேசாத. நாளைக்கு வெயில் ஏறினதும் வா. அப்பவும் இதே வார்த்தை உன் வாயில இருந்தா, குட்டி உன் மடியில. கொடுத்துட்டு ஏழு நாள் வந்து உன் கையைப் பாப்பேன். சரியில்லன்னா தூக்கிட்டு வந்துருவேன்."

வீராயி மறுநாள் உச்சி வெயிலில் வந்து நின்றாள். செம்பட்டைக் குட்டியை வாங்கி, முந்தானைக்குள் வைத்து, வழியெல்லாம் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனாள். மாடு ஒரு நாள்தான் மிரண்டது.

காட்டிலிருந்த மற்ற பூனைகள் சாம்பியிடம் வந்து, "நீ எப்படி வீடு கண்டுபிடித்தாய்?" என்று கேட்டன. சாம்பி நெடுநாளைக்குப் பிறகு வாயைத் திறந்தது. "யாரிடமும் கேட்காதீர்கள். குட்டியைக் கவ்விக்கொண்டு போய் ஒரு மூலையில் வையுங்கள். வாயில் குட்டி இருந்தால் பேச்சு வராது, அதுவே நல்லது. அந்த வீட்டின் கையைப் பாருங்கள். சரியில்லை என்றால் விடிவதற்குள் அடுத்த வீட்டுக்குத் தூக்குங்கள். எனக்கு ஏழாவது வீட்டில் கிடைத்தது."

அன்று முதல்தான் பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றுகிறது. இடம் கேட்டு யார் வாசலிலும் நிற்பதில்லை. ஒரு நாள் உங்கள் வீட்டுப் பரணில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டு, ஏறிப் பார்த்தால் பழந்துணிக்கு நடுவே மூன்று குட்டிகள் கிடக்கலாம். பக்கத்தில் எங்கோ மறைவில் தாய் உட்கார்ந்து உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் எத்தனையாவது வீடு என்பது அதற்கு மட்டும்தான் தெரியும்.