ஐம்பது தோட்டாவும் ஒரு ‘வரேன்மா’வும்

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் இருதயத்துக்கு அந்தச் சந்தேகம் வந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்.

முந்தின நாள் மத்தியானம் அவர் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார். சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளில் மறுபடியும் மருந்து போட்டு, ஈயக் குண்டை வைத்து மூடுகிற வேலை. அவர் சேர்ந்திருந்த துப்பாக்கி கிளப்புக்கு அதற்கு அனுமதி இருந்தது. நடுவில் மகள் செலின் அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.

“அப்பா, டீ ஆறுது.”

“வரேன்மா.”

ஒரே ஒரு சொல். தலையைக்கூடத் திருப்பவில்லை. சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஐம்பதையும் மூடி, துணியால் துடைத்து, பெட்டியில் அடுக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

இப்போது யோசித்தார். அந்த ‘வரேன்மா’ சொன்னபோது கையிலிருந்த கூட்டில் மருந்து போட்டாயிற்றா? போடாமலே மூடிவிட்டோமா? இல்லை, போட்டதிலேயே இன்னொரு தடவை போட்டுவிட்டோமா?

வாய் கொப்பளித்தார். எவ்வளவு யோசித்தும் அது நினைவுக்கு வரவில்லை. டீதான் நினைவுக்கு வந்தது. ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் தேர்வுப் போட்டி. பதினோரு மணிக்குச் செலின் கைத்துப்பாக்கியோடு சுடும் கோட்டில் நிற்க வேண்டும். நாலு வருஷமாகத் தோள் வலிக்க வலிக்கப் பழகியிருந்தாள். வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. கம்பெனித் தோட்டா வரும் வரும் என்றார்கள், வரவில்லை. மற்றவர்களும் தங்களுக்கு வேண்டியதை மட்டும்தான் கொண்டு வந்திருந்தார்கள். அவளுக்கு இருந்தது அப்பா நிரப்பிய அந்த ஐம்பதுதான்.

மகளைத் துப்பாக்கி எடுத்துவரச் சொல்லிவிட்டு, இருதயம் தோட்டாப் பெட்டியோடு கிளப்புக்கு முன்னாலேயே போய்விட்டார். ஜமீலா டீச்சரைப் பார்க்க வேண்டும்.

டீச்சரிடம்தான் அவர் இந்த வேலையைக் கற்றார். டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது. துப்பாக்கி பழுது பார்க்கிற குடும்பம். இருதயத்துக்கு ஐம்பத்தொன்று, பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்தவர். முதல் நாள் பாடத்தில் டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணே, நடுவுல யாராவது கூப்பிட்டா பதில் சொல்லாதீங்க. சொல்லிட்டா, மூடாதது அத்தனையையும் திருப்பிக் கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்க.”

“ஆண்டவரே கூப்பிட்டாலுமா டீச்சர்?”

“அவருக்கு என்னண்ணே அவசரம்? காத்திருப்பார்.”

இருதயம் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

டீச்சர் கிளப்புக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் இருந்தார். போட்டிக்கு வந்த முப்பது பேருக்கும் அன்றைக்கு அவர் கைச் சமையல்தான். குஸ்கா இறக்கியாயிற்று. அதற்கு ஊற்றிக்கொள்ளும் பருப்புக் குழம்பு, தால்ச்சா, பெரிய அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது.

“டீச்சர்!”

கல்லுப்பை அள்ளிய கையோடு டீச்சர் திரும்பினார். “வாங்கண்ணே. பெட்டியோட அங்கேயே நில்லுங்க, அடுப்புக்கிட்ட வராதீங்க. அந்த மரத்தடி பெஞ்சுல வெச்சுட்டு வாங்க.”

வைத்துவிட்டு வந்தார்.

“என்ன, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு? சுடப்போறது செலினா, நீங்களா?”

இருதயம் எல்லாவற்றையும் சொன்னார். ஏலக்காயைக்கூட விடவில்லை. டீச்சர் அண்டாவைக் கிண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஐம்பதுல ஒண்ணுதான் டீச்சர் சந்தேகம். நாப்பத்தொன்பது நல்லது.”

“எந்த நாப்பத்தொன்பது?”

இருதயம் மரத்தடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“நகைக்கடைத் தராசுல நிறுத்துப் பார்த்தா?”

“கூடே ஒண்ணுக்கொண்ணு எடை வித்தியாசம். குண்டும் அப்படித்தான். மருந்து துளியூண்டு. அது கூடினதும் குறைஞ்சதும் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும்.”

“குலுக்கிப் பார்த்தா?”

“கொலுசாண்ணே அது?”

“பிரிச்சுப் பார்க்கலாமே.”

“பிரிக்கலாம். பொறுமையா ஒவ்வொண்ணா பிரிக்கணும். சாயங்காலம் ஆகும். உங்க மகளுக்குப் பதினோரு மணிக்கு.”

மணி பத்தேகால்.

“மருந்தே இல்லாம இருந்தாத்தான் என்ன டீச்சர்? கூட்டுக்கு அடியில இருக்கிற பொட்டு மட்டும் வெடிச்சு ‘டொப்’புனு சின்னதா ஒரு சத்தம் வரும். ஒரு குறி போகும். அவ்வளவுதானே?”

டீச்சர் கொட்டகைத் தூணைக் காட்டினார். அதில் ஒரு பழைய துப்பாக்கிக் குழல் ஆணியில் தொங்கியது. நடுவில் எலியை விழுங்கின பாம்பு மாதிரிப் புடைத்து, புடைத்த இடத்தில் கிழிந்திருந்தது.

“அதுவும் ‘டொப்’புதான் அண்ணே. குண்டு வெளியே போகாம குழலுக்குள்ளேயே நின்னுடுச்சு. போட்டி அவசரம், சத்தம் குறைஞ்சதைச் சுட்டவர் கவனிக்கல. அடுத்ததைச் சுட்டார்.”

“அவருக்கு என்ன ஆச்சு?”

“இப்போ இடது கையால சாப்பிடுறார்.”

இருதயம் குழலிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். அதோடு அவருக்குக் கோபமும் வந்தது.

“உங்களுக்கென்ன டீச்சர், சட்டம் பேசுவீங்க. நாலு வருஷம் பட்டது அவ. இன்னிக்கு அழுகைச் சத்தம் கேட்கப்போறது என் வீட்டுல.”

டீச்சர் கோபப்படவில்லை. அடுப்பைத் தணித்தார். அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது கிடக்கட்டும். எனக்கு ஒரு உதவி செய்யுங்கண்ணே.”

“என்ன?”

“நீங்க வந்து கூப்பிட்டப்போ கையில உப்பு இருந்துச்சு. உங்ககிட்ட பேசிட்டேன். இப்போ பார்த்தா கை காலியா இருக்கு. இப்போதான் முதல் தடவை போட்டேனா, முன்னாடியே போட்டதுலதான் மறுபடி போட்டேனா, ஒண்ணும் தெரியல. முப்பது பேர் சாப்பிடணும்.”

இருதயம் எட்டிப் பார்த்தார். மஞ்சளாக, கத்தரிக்காயும் மாங்காயும் மிதக்கக் கொதித்துக்கொண்டிருந்தது.

“பார்த்தா எப்படி டீச்சர் தெரியும்?” என்றார் எரிச்சலோடு. கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு, ஊதி ஊதி நக்கினார். நாக்கைச் சப்புக்கொட்டினார். “சரியாத்தான் இருக்கு. ஒரு தடவைதான் போட்டிருக்கீங்க.”

“தப்பிச்சோம்.”

டீச்சர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மரத்தடி பெஞ்சுக்கு நடந்தார். இருதயம் பின்னாலேயே போனார். டீச்சர் பெட்டியைத் திறந்தார். ஐம்பதும் புதுப் பித்தளைச் செம்பு மாதிரி மின்னின. ஒன்றை எடுத்து, தால்ச்சா ஈரம் காயாத இருதயத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

“இதுக்கு யாருண்ணே உப்புப் பார்க்கிறது?”

தோட்டா கையில் கனக்கவே இல்லை.

“நான் பார்க்கிறேன் டீச்சர். செலினுக்கு நாப்பது போதும். மீதிப் பத்தையும் நானே முதல்ல சுட்டுப் பார்த்துடுறேன்...”

“நீங்க சுட்டது தீர்ந்துடும். சுடாததுதானே அண்ணே அவ இலைக்கு வரும்?”

மைதானத்துப் பக்கமிருந்து செலினின் குரல் கேட்டது. “அப்பா! கோட்டுக்கு வரச் சொல்றாங்க. தோட்டாவைக் கொண்டாங்க!”

டீச்சர் சாவியை எடுத்தார். கிளப்பின் ஆயுத அறையைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அறைக்குள் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. இனி சுடக்கூடாது என்று ஒதுக்கிய தோட்டாக்களைப் போட்டுவைக்கிற பெட்டி.

இருதயம் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையிலிருந்ததைத் தோள் துண்டில் துடைத்தார். உள்ளே வைத்தார். இரண்டாவதை எடுத்தார்.

“அப்பா! கேட்குதா?”

இரண்டாவதை வைத்தார். மூன்றாவதை எடுத்தார். கண்ணில் நீர் நின்றது, துடைக்கவில்லை.

“அப்பா!”

இந்தத் தடவை அவர் பதில் சொல்லவில்லை.