வடிவுக்கு ஒரு படம்

பிரிசில்லா டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. வேலைதான் வரும்.

ஆவுடையப்பனுக்கு இது முதல் நாளே தெரிந்துபோயிற்று. நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் சங்கிலி இழுத்துவிட்டு ஓய்வு பெற்றவர், சும்மா இருக்கப் பிடிக்காமல் தென்காசியில் அந்தச் சின்ன டைப்பிங் சென்டரில் போய்ச் சேர்ந்தார். "எந்த எழுத்து எங்க இருக்குன்னு எப்படி டீச்சர் ஞாபகம் வைக்கது?" என்று கேட்டார். டீச்சருக்கு அவரைவிட முப்பது வயது குறைவு. அவள் ஒரு துண்டை எடுத்து வந்து, கீபோர்டையும் அவர் கைகளையும் சேர்த்து மூடினாள்.

"அடிங்க சார்."

ஒரு மாதம் துண்டுக்கு அடியில் கிடந்து திண்டாடினார். அடுத்த மாதம் விரல்கள் தாமாகவே போய் நின்றன. அன்றிலிருந்து அவள்தான் அவருக்குக் குரு. ஊரில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

போன ஆவணியில் அவர் மனைவி சங்கரவடிவு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிய மறுநாள் ஆவுடையப்பன் சென்டருக்கு வந்து, தனக்கு ஒரு வலைப்பூ வேண்டும் என்றார். டீச்சர் திறந்து கொடுத்தாள். அதற்கு 'வடிவு' என்று பெயர் வைத்தார். ஒரு வருஷத்தில் நாற்பத்தொரு பதிவு எழுதிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கழித்த நான்கு நாளைப் பற்றி, ரசம் வைக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி, இரட்டைக் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பது என்று தெரியாமல் விழித்ததைப் பற்றி. படித்தவர்கள் அழுதார்கள். மனுஷன் மனைவியை எப்படித் தாங்கியிருக்கிறார் பாருங்கள் என்று எழுதினார்கள். அதைப் படித்து அவரும் அழுதார்.

வருஷத் திதிக்குப் பத்து நாள் இருந்தது. எல்லாப் பதிவையும் சேர்த்து அச்சடித்து அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக நாற்பத்தொன்றையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருந்தார். ஒரு காரியத்தில்தான் முடிவு எட்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சென்டரில் வேறு ஆள் இல்லாதபோது போய்க் கேட்டார்.

"பதிவுல படம் போடலாமா, வேண்டாமா டீச்சர்?"

"யாரு கேக்கா?"

"படிக்கவங்க எல்லாரும் கேக்காங்க. அம்மா முகத்தக் காட்டுங்கன்னு எழுதுதாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கும் வேணும். கண்ண மூடுனா சேலை தெரியுது, வளையல் தெரியுது. முகம் வர மாட்டேங்குது டீச்சர். பயமா இருக்கு."

"பிறகு ஏன் யோசிக்கீங்க?"

"படத்தப் போட்டா பாத்துட்டுப் போயிருவாங்க. எழுத்தப் படிக்க மாட்டாங்க. எழுத்துலதான அவ இருக்கா?"

டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"வீட்டுல இருக்க படத்தையெல்லாம் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் ஒரு துணிப்பை நிறைய வந்தது. ஆவுடையப்பனிடம் அந்தக் காலத்திலேயே சொந்தக் கேமரா இருந்தது. டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். முதல் படம் புதுவீட்டுப் பால்காய்ப்பு. நடுவில் பட்டு வேட்டியோடு ஆவுடையப்பன், சுற்றிலும் ஆபீஸ் ஆட்கள்.

"இதுல அம்மா எங்க சார்?"

அவர் குனிந்து தேடினார். நிலைப்படிக்கு அந்தப் பக்கம், ஒரு தட்டும் அதைப் பிடித்திருந்த கையும் தெரிந்தன.

"இந்தக் கை அவளோடதுதான்."

அடுத்தது மகள் கல்யாணம்.

"இதுல?"

"பந்தியில என்னமோ குறையுதுன்னு உள்ள கூப்பிட்டாங்க. போட்டோக்காரர் அவசரப்படுத்தினாரு. நாங்க நின்னுட்டோம்."

"இதுல?"

அது குற்றாலம். பேரன் தலை துவட்டிக்கொண்டிருந்தான். துண்டுக்குப் பின்னால் ஒரு காது தெரிந்தது. அவர் அதைத் தொட்டுக் காட்டினார்.

பைக்கு அடியில் நூல் சுற்றிய கட்டு ஒன்று இருந்தது. டீச்சர் பிரித்தாள். எல்லாம் எல்லைக் கற்களின் படங்கள். ஒவ்வொரு கல்லும் தனியாக, நேர் எதிரே நின்று, வெயில் பார்த்து, பளிச்சென்று எடுக்கப்பட்டிருந்தது. படத்தின் பின்னால் ஊர், தேதி, சர்வே எண் எல்லாம் மணி மணியான கையெழுத்தில் இருந்தன.

"அது ஆபீசுக்கு எடுத்தது" என்றார் ஆவுடையப்பன்.

கடைசியாகச் சட்டம் போட்ட பெரிய படம். வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது. அரக்குப் பட்டு, கழுத்து நிறைய ஆரம், நிமிர்ந்த தோள்.

"தனியா எடுத்த படம் ஒண்ணும் இல்லன்னு ரேஷன் கார்டுலருந்து முகத்த மட்டும் எடுத்து ஸ்டுடியோவுல செஞ்சு கொடுத்தாங்க. உடம்பு வேற யாரோடதோ. பட்டும் ஆரமும் அவளுக்கு ஏது? எனக்கு இதப் பாக்கவே பிடிக்காது. துக்க வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எல்லைக் கல் படங்களைப் பார்த்தார், பால்காய்ப்புப் படத்துக் கையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். நாற்பது வருஷம் கூட இருந்தவளை ஒரு தடவை, இங்கே வந்து நில்லு என்று சொல்லவில்லையே என்று வாய்விட்டு அழுதார். நரைத்த மனுஷன் அப்படி அழுவதைப் பார்க்கச் சகிக்காது. டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. மின்விசிறியை மட்டும் கூட்டி வைத்தாள்.

அழுது முடித்ததும் அவருக்குத் தெளிந்த மாதிரி இருந்தது.

"புரிஞ்சுபோச்சு டீச்சர். படத்துல அவ இல்ல. படம் வேண்டாம், எழுத்து போதும்." படங்களை அள்ளிப் பையில் போடப் போனார்.

"எழுத்தத் திறங்க சார்" என்றாள் டீச்சர்.

நாற்பத்தொரு பதிவும் இருந்த கோப்பைத் திறந்தார்.

"தேடுத கட்டத்துல 'சொன்னாள்'னு அடிங்க."

"எதுக்கு?"

"அடிங்க."

அடித்தார். ஒரே ஒரு இடம் மஞ்சளாயிற்று. 'ஊசி போட வந்த நர்ஸ், பயப்படாதீர்கள் என்று சொன்னாள்.'

"'என்றாள்'."

ஒன்றும் இல்லை என்றது திரை.

"'கேட்டாள்'."

இல்லை.

"'சிரித்தாள்'."

ஒன்று வந்தது. ஆவலாகப் போய்ப் பார்த்தார். பேத்தி சிரித்திருந்தாள்.

"இப்ப 'நான்'னு அடிங்க."

அடித்தார். பக்கம் பக்கமாக மஞ்சள் ஏறியது. அவர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

வெளியே ஒரு ஆட்டோ போயிற்று.

"அவ பேசாதவ இல்ல டீச்சர்" என்றார் கடைசியில். "நாள் பூரா பேசுவா."

"தெரியும் சார். ரெண்டு வருசத்துக்கு முன்ன, நல்ல மழையில ஒருநாள் உங்களுக்குக் குடை கொண்டுவந்தாங்க. நீங்க உள்ள அடிச்சுட்டு இருந்தீங்க. கூப்பிட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வாசல்ல நின்னு எங்கிட்ட அரைமணி நேரம் பேசிட்டு இருந்தாங்க."

ஆவுடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்தது. அவர் கேட்காத அரைமணி நேர வடிவு இன்னும் மிச்சம் இருக்கிறாள்!

"என்ன பேசினா? சொல்லுங்க டீச்சர். என்ன சொன்னா?"

"நாப்பது வருசத்துல உங்ககிட்டப் பேசினதுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் இதச் சொல்லுதேன்."

அவர் உடனே சொன்னார். "'சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா'ம்பா."

"அது உங்க பசி சார். அவங்க பேச்சு?"

யோசித்தார். எந்த ஊரில் எந்த வாய்க்காலுக்குக் கிழக்கே எத்தனையாவது கல் என்று இன்றைக்கும் தூக்கத்தில் சொல்லக்கூடியவர், கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். சாயங்காலம் தெரிந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து தரையில் உட்காருகிறாள்.

"வந்து உக்காருவா டீச்சர். 'ஏங்க, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா'ன்னு ஆரம்பிப்பா. தினமும் அப்படித்தான் ஆரம்பிப்பா."

"என்ன நடந்துச்சு?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் பேப்பருக்குப் பின்னாலிருந்து தான் போட்ட 'ம்' மட்டும்தான்.

டீச்சர் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். இரண்டு மணி வகுப்புப் பெண்கள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அவள் கையைக் காட்டி அவர்களை அங்கேயே நிறுத்தினாள்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

படங்களை அள்ளித் துணிப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். இரண்டடி போய்த் திரும்பினார். கேட்க வந்த கேள்வி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கேட்பதற்கு இப்போது வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் திதிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

"அப்ப படம், டீச்சர்?"

மேஜையில் அவர் மறந்து விட்டுவிட்ட சட்டம் போட்ட படத்தை டீச்சர் இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணாடியைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். யாரோ ஒருத்தியின் தோள்மேல் வடிவின் முகம் தெளிந்து வந்தது. அவர் கையில் கொடுத்தாள்.

"இதையே போடுங்க சார். நீங்க எழுதினதுக்குப் பொருத்தமா இருக்கும்."