நன்றியுரை கேட்டுப் பந்தி ஆறிப்போன கதை

தவசிலிங்கம் அண்ணாச்சி வாயைத் திறந்தால் ஈயம் பூசாத பாத்திரமும் பளபளக்கும் என்று கோவில்பட்டி பாத்திர வியாபாரிகள் சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னவரும் அவரேதான்.

சங்கத்தின் ஆண்டு விழாவுக்குச் சிறப்புரை ஆற்ற ஒப்புக்கொண்டிருந்த மதுரைப் பேராசிரியர், விழா நாளில் வேறு ஊரில் கூட்டம் இருக்கிறது என்று அன்று காலையில்தான் போன் செய்திருந்தார். அழைப்பிதழோ சாயங்காலத்துக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். சங்க அறையில் தலைவர் ஆவுடையப்பனும், பொருளாளர் ஜெயராணியும், எதையும் லேசில் நம்பாத சீனிராஜும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். தவசிலிங்கத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

வருஷா வருஷம் அவருக்குக் கிடைப்பது நன்றியுரை. நன்றியுரையின் லட்சணம் ஊருக்கே தெரியும். அறிவிப்பைக் கேட்டதுமே கூட்டம் பந்திக்கு எழுந்துவிடும். அவர் ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று ஆரம்பிக்கும்போது, மேடையில் வீற்றிருந்தவர்களே கைகழுவிக்கொண்டிருப்பார்கள். நாற்காலிகள் இழுபடும் அந்தச் சத்தம் அவர் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை ஜனம் உட்கார்ந்து தன் பேச்சைக் கேட்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு ஆசை கிடையாது.

“சிறப்புரையை எங்கிட்ட விடுங்க” என்றார்.

“நீங்க நன்றியுரைதான அண்ணாச்சி சொல்லுவீங்க?” என்றார் சீனிராஜ்.

“நன்றியுரைதான்யா. சாத்தூர்ல ஒண்ணு சொன்னேன் பாரு. ஒரு ஆள் எந்திரிக்கல. அங்க இலை போட்டு, கூட்டு பொரியல் வெச்சு, பாயசம் ஏடு கட்டிப்போச்சு. என்னடா பந்திக்கு ஆளக் காணோமேன்னு சமையக்காரரு கரண்டியோட வந்தாரு. வந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு.”

“அப்ப அடுப்புல இருந்த சாம்பாரு?” என்று கேட்டாள் ஜெயராணி.

“அது கொதிக்கிறத நிப்பாட்டிட்டுக் கேட்டுச்சும்மா. கொதிச்சா சத்தம் வருமில்ல.”

ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். அதை ஆமோதிப்பு என்று அண்ணாச்சி எடுத்துக்கொண்டார்.

“சாத்தூர்க்காரங்க பொறுமைசாலிங்க” என்றார் சீனிராஜ்.

“சரி, திருமங்கலத்துக்கு வா. நான் பாட்டுக்குப் பேசுறேன், நேரம் போறது எவனுக்கும் தெரியல. வாடகை நாற்காலிக்காரன் வந்து நாற்காலிய எல்லாம் உருவி வண்டியில ஏத்திட்டுப் போயிட்டான். ஜனம் உக்காந்த மேனிக்கே இருக்கு. அடியில நாற்காலிதான் இல்ல.”

“விழலையா?”

“விழுறதுக்கு யாருக்குய்யா நேரம்?”

இதற்குள் அண்ணாச்சிக்கே திருமங்கலம் கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் உசுரோட இருக்கிறவங்க. கழுகுமலையில ஒரு பெரியவரு தவறிட்டாரு. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. இரங்கல் பேசி முடிச்சாங்க. துக்கத்துக்கு வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லணுமேன்னு நான் எந்திரிச்சேன். பாதிப் பேச்சுல பெட்டிக்குள்ளருந்து டொக்கு டொக்குன்னு சத்தம். என்னன்னு தெறந்து பாத்தா, ‘தவசி, கண்ணாடி மறைக்குது, சரியாக் கேக்கல. கொஞ்சம் சத்தமாப் பேசு’ங்கிறாரு.”

“பொழைச்சுக்கிட்டாரா?” என்றார் சீனிராஜ். தான் கேட்டுவிட்டோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

“எங்க? நான் நன்றி வணக்கம்னு முடிச்சேன். இனிமே கேக்க என்ன இருக்குன்னு மறுபடி படுத்துட்டாரு.”

ஜெயராணி தலைவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி சொல்றத நான் நம்புறேன். சிறப்புரை அவருக்கே இருக்கட்டும். எழுதிக்கோங்க தலைவரே.”

ஆவுடையப்பன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அழைப்பிதழ் தாளில் சிறப்புரைக்கு நேராகத் தவசிலிங்கம் என்று எழுதினார். இத்தனை வருஷப் புளுகில் ஒன்றாவது பலித்ததே என்று அண்ணாச்சி உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

“அப்படியே கீழ மதிய விருந்துன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அத அடிச்சிருங்க” என்றாள் ஜெயராணி. “அண்ணாச்சி பேசுனா யாரு சாப்பிட எந்திரிக்கப் போறா? ஆக்குன சோறு வீணாப் போகும்.”

தலைவரின் பேனா அந்த வரிக்கு இறங்கியது. தவசிலிங்கம் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, சோறு இல்லன்னா எவன் வருவான்?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பிடித்த கையை மெல்ல விட்டுவிட்டு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஆவுடையப்பன் மேலே எழுதிய பெயரை அடித்து, விருந்துக்கு முந்தின வரியில் நன்றியுரைக்கு நேராக எழுதினார்.

“சிறப்புரைக்கு வேற ஆளப் பாப்போம்” என்றார். “நீங்க சுருக்கமா முடிச்சிருங்க அண்ணாச்சி. இலை போட்டுருவாங்க.”