ஆறு பேரு பாடுன முப்பது குரலு

ஒரு மலை மேல, மேகம் வந்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டுப் போற உசரத்துல, ஒரு ஊரு இருந்துச்சு. அந்த ஊரு பேரு தேனடுக்கம். அந்த ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துல மொத்தமே எத்தன பிள்ளைங்க தெரியுமா? ஆறே ஆறு.

ம் சொல்லு. ம் சொன்னாத்தான் கதை நகரும்.

அந்த ஆறு பேர்ல ஒருத்தி பவுனு. அஞ்சாவது படிக்கிறா. நல்ல பொண்ணு, ஓடுனா முயல் மாதிரி ஓடுவா. ஆனா தொண்டை மட்டும் கரகரன்னு, கனமா, கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கும். அவ "டீச்சர்"னு கூப்பிட்டா வெளியூர்க்காரங்க யாரோ பெரிய ஆம்பள வந்திருக்காருன்னு திரும்பிப் பாப்பாங்க. கூடப் படிக்கிற மாதேசு இருக்கானே, அவன் அவளை "எருமைத் தொண்டை"ன்னுதான் கூப்பிடுவான். பவுனு சிரிச்சுக்குவா. ஆனா உள்ளுக்குள்ள சுருக்குன்னு இருக்கும்.

அப்போ ஒரு திங்கக்கிழமை, மினி பஸ்ஸுல கல்வி ஆபீசுலேருந்து ஒரு பெட்டி வந்து இறங்குச்சு. டீச்சர் பேரு நிலோபர். போன வருசம்தான் வேலைக்கு வந்த சின்ன வயசு டீச்சர். அவங்க பெட்டியைப் பிரிச்சாங்க. சரக், சரக்! உள்ள ஒரு லேப்டாப், ஒரு மைக், மைக்குத் தலையில பஞ்சுத் தொப்பி, காதுல மாட்டுற ஹெட்போன் ரெண்டு. கூடவே ஒரு கடுதாசி. "பள்ளிக்கூடத்துல பாட்டைப் பதிவு பண்ணி அனுப்புங்க. நல்லா இருக்குற ஒரு பாட்டை எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் போட்டு, பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுப்போம். வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். பாட்டுல குறைஞ்சது முப்பது குரல் இருக்கணும்."

"போச்சு. நம்ம ஆறு பேருல்ல?"ன்னான் மாதேசு.

டீச்சர் அந்தக் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் படிச்சாங்க. அப்புறம் மெல்ல சிரிச்சாங்க.

"முப்பது பிள்ளைங்கன்னு போடலடா. முப்பது குரல்னுதான் போட்டிருக்கு."

எப்படின்னு கேளு. இந்த மெஷின்ல ஒரு தடவை பாடிப் பதிவு பண்ணிட்டு, அதைக் காதுல கேட்டுக்கிட்டே இன்னொரு தடவை பாடலாம். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துக்கும், தோசை மேல தோசை அடுக்குற மாதிரி. ஆறு பேரு, ஆளுக்கு அஞ்சு தடவை பாடுனா?

முப்பது! ஆமா, கெட்டிக்காரி.

பாட்டை அவங்களே கட்டுனாங்க.

"மேகம் ஒண்ணு மலையில தூங்குது,
எழுப்பலாமா? எழுப்பலாமா?
எழுப்பி விட்டா மழையா ஓடும்,
நனையலாமா? நனையலாமா?"

செவ்வாக்கிழமை ஆரம்பிச்சாங்க. டீச்சர் "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னாங்க. பிள்ளைங்க வாயைத் தொறந்தாங்க. அவ்வளவுதான், தடதடதடதடதடன்னு மழை! பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. மெஷின்ல போட்டுக் கேட்டா பாட்டே இல்ல, ஒரு லாரி ஜல்லி கொட்டுன சத்தம்தான். அன்னிக்குப் பூரா மழை விடல.

புதன்கிழமை வெயிலு. ஆளுக்கு ஒரு வரி பாடி முடிச்சாங்க. அப்போ கூரை மேல டமார்! டமார்! டமார்! குரங்குக் கூட்டம்! ஒரு குட்டிக் குரங்கு ஜன்னல் வழியா உள்ள வந்து, மைக்கோட பஞ்சுத் தொப்பியை லபக்குன்னு பிடுங்கித் தன் தலையில வச்சுக்கிட்டு ஓடியே போச்சு. பிள்ளைங்க சிரிச்ச சிரிப்பு மட்டும்தான் அன்னிக்குப் பதிவாச்சு. சும்மா சொல்லக் கூடாது, அது நல்லாத்தான் இருந்துச்சு.

வியாழக்கிழமை, சமையல் பண்ற ராக்கம்மா ஒரு யோசனை சொன்னாங்க. "ஏன் டீச்சர், அரிசி மூட்டை வைக்கிற ரூமுல உக்காந்து பாடுனா என்ன? அது காரைக் கட்டடம், தகரக் கூரை இல்ல. உள்ள நின்னு பேசுனா பக்கத்துல இருக்கிறவங்களுக்கே அடக்கமாத்தான் கேக்கும்."

உள்ள போய்ப் பாத்தா அவங்க சொன்னது நெசம்தான். சுத்தி அரிசி மூட்டை, பருப்பு மூட்டை. கைதட்டுனா பொத்துன்னு அங்கயே அமுங்கிடுது. எதிரொலியே கிடையாது. பஞ்சுத் தொப்பிக்குப் பதிலா ராக்கம்மா சட்டி இறக்க வச்சிருந்த புதுத் துணியை மைக்குல சுத்துனாங்க. ஒவ்வொருத்தரா ஹெட்போன் மாட்டி, முன்னாடி பாடுனவங்க குரலைக் கேட்டுக்கிட்டே பாடுனாங்க. மத்தியானத்துக்குள்ள முப்பதும் முடிஞ்சுது! லேப்டாப்புல கலர் கலரா முப்பது கோடு. மாதேசு சிவப்பு. சின்னவ குப்பி, ஒண்ணாவது படிக்கிறவ, அவ மஞ்சள். பவுனு ஊதா. மத்தவங்க கோடு ஒல்லியா இருக்கு, பவுனு கோடு மட்டும் குண்டா இருக்கு.

தூங்கிட்டியா? ம். சரி, கேளு.

எல்லாரும் சாப்பிடப் போனாங்க. பவுனு மட்டும் மெதுவா உள்ள வந்தா. ஹெட்போனை மாட்டுனா. ஊதாக் கோட்டை மட்டும் தனியா ஓட விட்டா.

அவ இதுவரைக்கும் தன் குரலை மட்டும் தனியா வெளியிலேருந்து கேட்டதே இல்ல. காதுக்குள்ள யாரோ ஒருத்தி, கரகரன்னு, கனமா, "மேகம் ஒண்ணு"ன்னு பாடுறா. "யாரு இது? நானா? இப்படியா இருக்கேன்?" பவுனுக்கு மூஞ்சி சூடாயிடுச்சு. இதையா எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் போடப் போறாங்க? ஊரு பூராவும் எருமைத் தொண்டைன்னு சொல்லுமே!

ஊதாவை மட்டும் அழிச்சிடலாம்னு நினைச்சா. ஒரு பொத்தானை அமுக்குனா. திரையில இங்கிலீசுல என்னமோ கேள்வி கேட்டுச்சு. அவளுக்குப் புரியல. சரின்னு அமுக்குனா.

டொய்ங்!

ஊதாவும் போச்சு, சிவப்பும் போச்சு, மஞ்சளும் போச்சு. முப்பது கோடும் போச்சு. திரை வெள்ளை வெளேர்னு இருந்துச்சு.

பவுனுக்கு உசுரே போயிடுச்சு. ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு ஓடுனவ, சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து ஒரு வாய் கூட எடுக்கல.

டீச்சர் வந்து பாத்தாங்க. தேடுனாங்க. மறுபடியும் தேடுனாங்க. கிடைக்கல. மாதேசு கத்துனான், "குரங்கு டீச்சர்! அந்தத் தொப்பிக் குரங்குதான்! ஜன்னல் தொறந்து கிடக்கு பாருங்க!" எல்லாரும் "ஆமா, குரங்குதான், குரங்குதான்"ன்னாங்க. பவுனு மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அப்புறம் கரண்டும் போயிடுச்சு. அன்னிக்கு வேற ஒண்ணும் பண்ண முடியல.

வெள்ளிக்கிழமை காலையில, பள்ளிக்கூடத்துக்கு யாரு முதல்ல வந்தா? பவுனுதான். டீச்சர் கதவைத் தொறக்கும்போதே பின்னாடி நின்னுக்கிட்டிருந்தா.

"டீச்சர், குரங்கு இல்ல."

"என்னடி?"

"நான்தான் அழிச்சேன். என்னோடதை மட்டும் அழிக்கலாம்னு பாத்தேன். எல்லாம் போயிடுச்சு."

டீச்சருக்குக் கோவம் வந்துச்சு, வராம இருக்குமா? மூணு நாளு பாடுபட்டது. ஆனா பவுனு மூஞ்சியைப் பாத்ததும் கேட்டாங்க, "உன்னோடதை ஏன் அழிக்கணும்?"

"எருமை மாதிரி இருக்கு டீச்சர்."

டீச்சர் படியில உக்காந்தாங்க. "நான் காலேஜ்ல முதல் தடவை என் குரலை மெஷின்ல கேட்டேன். ரெண்டு நாளு யாருகிட்டயும் பேசல. கொசு மாதிரி இருந்துச்சு. ஙொய்ய்ய்னு."

பவுனுக்கு அழுகையோட சிரிப்பும் வந்துச்சு.

"உனக்குப் பிடிக்கலேன்னா நீ பாட வேணாம். ஆனா எல்லார்கிட்டயும் நீயே சொல்லணும். சரியா?"

பவுனு சொன்னா. எல்லாரும் வந்ததும், நடுவுல நின்னு, "குரங்கு இல்ல, நான்தான். என் குரலு எருமை மாதிரி இருந்துச்சு, அதான் அழிச்சேன்"னு சொன்னா. மாதேசு காலால தரையைத் தேய்ச்சுக்கிட்டே, "என்னாலயா?"ன்னான்.

"மூணு மணிக்கு மினி பஸ் கிளம்பிடும். அதுலதான் பாட்டைக் கீழ அனுப்பணும். வாங்க. அஞ்சு பேரு, ஆளுக்கு ஆறு தடவை"ன்னாங்க டீச்சர்.

பவுனு ஒரு மூட்டை மேல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா. அஞ்சு பேரும் பாடுனாங்க. ஆரம்பம் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது வரியில கொஞ்சம் மேல போச்சு. மூணாவது வரியில இன்னும் மேல. நாலாவது வரியில கீச் கீச் கீச்சுன்னு அணில் கூட்டம் மாதிரி எங்கயோ போயிடுச்சு. மறுபடி பாடுனாங்க. மறுபடியும் கீச். மூணாவது தடவையும் கீச். மணி பத்தரை ஆச்சு.

அப்போ குப்பி ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டா.

"என்னடி குப்பி?"

"பவுனக்கா காணோம்."

"அங்கதானே உக்காந்திருக்கா?"

"இல்ல, பாட்டுல காணோம். நான் பவுனக்கா குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாடுவேன். இப்போ எதைப் பிடிச்சுக்கிறது?"

மாதேசு மெல்லச் சொன்னான், "நானும்தான்."

அப்புறம் மத்த மூணு பேரும் தலையாட்டுனாங்க. டீச்சருக்கே அப்போதான் தெரிஞ்சுது. இத்தன நாளா எல்லாரும் அந்தக் கனமான குரல் மேலதான் நின்னு பாடிக்கிட்டிருந்திருக்காங்க. அது பாடுனவளுக்கும் தெரியல, பிடிச்சுக்கிட்டு நின்னவங்களும் இதுவரைக்கும் சொல்லல.

பவுனு மூட்டையிலேருந்து இறங்குனா. யாரும் கூப்பிடல, தானா இறங்குனா.

"நான் முதல்ல பாடிடுறேன் டீச்சர். தனியா. அப்புறம் அதைக் கேட்டுக்கிட்டு எல்லாரும் பாடட்டும். ஆனா யாரும் என்னைப் பாக்கக் கூடாது."

எல்லாரும் திரும்பிச் சுவத்தைப் பாத்து நின்னாங்க, டீச்சரும்தான். பவுனு கண்ணை மூடிக்கிட்டுப் பாடுனா. கரகரன்னு, கனமா, ஆடாம அசையாம, மலைப்பாறை மாதிரி ஒரு குரல். ஒரு தடவை, ரெண்டு தடவை, அஞ்சு தடவை. அதுக்கப்புறம் மத்தவங்க ஒவ்வொருத்தரா ஹெட்போன் மாட்டுனாங்க. குப்பி மாட்டுன உடனே மூஞ்சியெல்லாம் சிரிப்பு. ஒரு வரி கூட வழுக்கல. ஒரு கீச் கூட இல்ல!

முப்பதாவது குரல் முடிஞ்சப்போ மணி ரெண்டே முக்கால். வெளிய மினி பஸ் பாம், பாம்! பாட்டைப் பென் டிரைவுல ஏத்துனா, அது ஆமை மாதிரி நகருது. தொண்ணூறு... பாம் பாம்! தொண்ணூத்தி அஞ்சு... பாஆஆம்! மாதேசு ஓடிப் போய் பஸ் முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னுட்டான். "அண்ணே, ஒரே நிமிசம்ணே! நகரணும்னா எம்மேல ஏத்திட்டுப் போங்கண்ணே!" டிரைவர் அண்ணன் சிரிச்சுட்டாரு. நூறு! டிங்! பவுனு முயல் மாதிரி ஓடி வந்து அதை டிரைவர் கையில குடுத்தா.

கேக்குறியா? ம்? கண்ணு சொக்குது. இன்னும் கொஞ்சம்தான்.

பத்து நாள் கழிச்சு கல்வி ஆபீசுலேருந்து ஒரு ஆபீசர் மலை ஏறி வந்தாரு. ஞானப்பிரகாசம்னு பேரு, பெரிய மீசை. மூச்சு வாங்க நின்னு பிள்ளைங்களை எண்ணுனாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. மறுபடியும் எண்ணுனாரு. ஆறுதான்.

"மத்த இருபத்தி நாலு பேரு எங்கம்மா?"

டீச்சர் எதையும் மறைக்கல. "இவங்களேதான் சார். ஒவ்வொருத்தரும் அஞ்சு தடவை. நீங்களே வந்து பாருங்க."

அவரைக் கூட்டிட்டுப் போயி அரிசி மூட்டை நடுவுல உக்கார வச்சாங்க. குப்பி ஹெட்போனை எடுத்து அவரு காதுல மாட்டி விட்டா. "பவுனக்காவைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுங்க சார், பயமில்ல"ன்னா. அவரும் பாடுனாரு! "எழுப்பலாமா"ன்னு இழுக்கும்போது அரிசித் தூசி மூக்குல ஏறி ஹச்ச்ச்சூ! போட்டுக் கேட்டா பாட்டுக்கு நடுவுல தும்மலும் கேக்குது. அவரு சிரிச்ச சிரிப்புல மீசை ரெண்டு பக்கமும் துள்ளுச்சு.

அப்புறம் பைக்குள்ளேருந்து கடுதாசியோட நகலை எடுத்துப் படிச்சாரு. "முப்பது குரல். ஆமா, அப்படித்தான் போட்டிருக்கோம். ஆறு பேரு எப்படிப் பாடுனாங்கன்னு இதையும் சேத்து எழுதிடுவோம். சின்னப் பள்ளிக்கூடம் எத்தனையோ இருக்கு, அவங்களும் இப்படிப் பாடட்டும்"னாரு.

அந்த மாசமே அந்தப் பாட்டு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போச்சு. காலையில வகுப்புல போட்டு, ஒவ்வொரு குரலையும் தனித்தனியா கேக்க விட்டு, டீச்சருங்க சொல்லிக் குடுத்தாங்க. எல்லா ஊர்லயும் பிள்ளைங்க முதல்ல ஊதாக் கோட்டைத்தான் கேட்டாங்களாம். அதைப் பிடிச்சுக்கிட்டா பாட்டு தானா வருதாம்.

அப்போ கீழ டவுன்ல ஒரு பெரிய பள்ளிக்கூடம் இவங்களை விழாவுக்குக் கூப்பிட்டுச்சு. எண்ணூறு பிள்ளைங்க! மைதானம் பூரா தலை. மேடையில ஆறே பேரு ஏறுனதும் கீழ குசுகுசுன்னு பேச்சு. "இவ்வளவுதானா? முப்பது குரல்னாங்களே? அந்த ஊதாக் குரல் யாரு?"

பவுனு மைக்குக்கிட்ட போகாம தள்ளியே நின்னா. மாதேசு பக்கத்துல வந்து நின்னான். "நாங்க வேணா திரும்பி நிக்கட்டுமா?"ன்னு கேட்டான்.

"வேணாம். பாக்கட்டும்"னா பவுனு.

மைக்குக்குப் பக்கத்துல போனா. கண்ணைத் தொறந்துக்கிட்டே முதல் வரியை எடுத்தா. கரகரன்னு, கனமா. அவதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அப்புறம் எண்ணூறு பிள்ளைங்களும் ஒண்ணா வாயைத் தொறந்து அவளுக்குப் பதில் பாடுனாங்க பாரு, ஹோஓஓன்னு, மரத்துல இருந்த காக்கா அத்தனையும் படபடன்னு பறந்துச்சு! பவுனு சிரிச்சுக்கிட்டே அடுத்த வரிக்குப் போனா.

ம்?

ம் காணோமே. சரி சரி, கதை மலை ஏறிடுச்சு, செல்லம். போர்வைக்குள்ள வா. தூங்கு.