மண்மூக்குத்தி

"மூணு வருஷமா ஒண்ணுகூடப் பூக்கலை, சாமி," என்றார் தணிகாசலம்.

தணிகாசலத்துக்கு அறுபது வயது. தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்துச் சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஞானத்துக்கு யார் வயசு பார்த்தார்கள்?

பூவின் பெயர் மண்மூக்குத்தி. அந்த உடைமரக் காட்டில் ஒரே ஒரு ஏக்கரில்தான் உண்டு. மழைக்கு முளைக்கும், நாற்பது நாளில் பூக்கும், விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும்.

"கார்த்திகைக் கடைசியில வனத்துறை அதிகாரி வர்றார். பூவைக் காட்டினா காடு பிழைக்கும். இல்லேன்னா கல்குவாரிக்குத் தூக்கிக் கொடுத்துடுவாங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யலை? முள்வேலி போட்டேன். காவல் இருந்தேன். இருளப்பக் கோனார் இருபது வருஷமா அங்கதான் ஆடு மேய்ச்சார். அவரையே விரட்டிட்டேன்."

"வேலிக்கு முன்னாடி பூத்துச்சா?"

"பூத்துச்சு. அதைப் பார்த்துத்தானே வேலி போட்டேன்."

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் கோனாரோடும் நூற்றைம்பது செம்மறிகளோடும் வந்து நின்றார்.

வேலிக்குள் புல் இடுப்பளவு நின்றது.

"வேலிப் படலை நீங்களே திறங்க," என்றார் சாமி.

"சாமியே ஆட்டை ஓட்டிட்டு வந்தா எப்படி? வேலியே பயிரை மேஞ்ச கதையால்ல இருக்கு. மிச்சம் இருக்கிற விதையும் போயிடும்."

"போனாலும் போகும்."

தணிகாசலத்துக்கு அழுகை வந்துவிட்டது. வாத்தியார் அழுவதைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கோனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

படல் திறந்தது. புரட்டாசி வெயிலில் ஆடுகள் மேய்ந்தன, மிதித்தன, புழுக்கை போட்டன. ஒன்பது நாளில் தரை மொட்டையாகக் கிடந்தது. தணிகாசலம் சாமியோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது.

சொன்னபடி அதிகாரி வந்தார். ஏக்கர் முழுக்க மஞ்சள். குனிந்து பார்த்தார். குளம்பு பதிந்த குழி ஒவ்வொன்றிலும் மூன்று பூ, நாலு பூ.

எழுதிக்கொண்டே சொன்னார். "காட்டை யாரும் தொட முடியாது. வாத்தியாரைப் பாராட்டணும். இந்த முள்வேலியை எடுத்துட்டு நல்ல கம்பிவேலியா போட்டுத் தர்றோம். எங்கே அவர்?"

சாமி கையைக் காட்டினார்.

வண்டிப்பாதையில் கோனாரின் மந்தை வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. தணிகாசலம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்.

"கோனாரே, அடுத்த புரட்டாசிக்கும் வந்துடுங்கய்யா."