நாற்பது பெட்டிக்கு ஒரு நாற்காலி

கூரையில் ஒட்டியிருக்கிற நாற்பது வைஃபை பெட்டிகளை, ஏணியில் கால் வைக்காமலே ஒருத்தி சரி பண்ணினாள் என்றால் நம்புவீங்களா?

அவள் செண்பகவல்லி. எங்க ஊர் பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர். அன்றைக்குப் பெரிய ஹாலில் முந்நூறு பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் தேர்வு. பத்து மணிக்குள் கேள்வித்தாள் திறக்காவிட்டால் ஒரு வருஷப் படிப்பே வீண். ஒன்பது ஐம்பது ஆகியும் ஒரு திரையிலும் திறக்கவில்லை.

தாளாளர் சௌந்தரபாண்டியன் கத்தினார். “ஏணியை எடு! பத்து நிமிஷத்துல நாற்பதையும் சரி பண்ணு. இல்லேன்னா வேலையை விட்டுட்டுப் போ!”

“ஏணி வேண்டாங்கய்யா, ஒரு நாற்காலி போதும்.”

அத்தனை பெட்டிகளும் ஹால் மூலையில் இருந்த கம்ப்யூட்டர் ஒன்றின் சொல்பேச்சைத்தான் கேட்கும். அதன் முன்னால் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் சிக்னல் பவரைப் பாதியாக்கினாள். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளுக்கு வேறு வேறு அலைவரிசை கொடுத்தாள்.

“ஏம்மா, குறைக்கிறியே! கூட்டு!”

“நாற்பது வாத்தியாரும் ஒரே ஹாலில் தொண்டை கிழியக் கத்தினா, பாடம் யாருக்குங்கய்யா கேக்கும்? நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் முழு பவர்ல வெச்சவங்க பேர் இதுலயே பதிஞ்சிருக்கு. படிக்கட்டுங்களா?”

தாளாளர் இருமினார்.

அவள் ஒரே ஒரு பொத்தானைத் தட்டினாள். கூரைப் பெட்டிகளின் விளக்குகள் மொத்தமும் அணைந்தன. அப்புறம் வாசல் பக்கமிருந்து ஒவ்வொன்றாய்ப் பச்சை பூத்துக்கொண்டே போனது, யாரும் தொடாமலே! முந்நூறு திரையிலும் கேள்வித்தாள் விரிந்தது.

அண்ணாந்து பார்த்தபடியே நின்ற தாளாளர், மெதுவாக அவள் பக்கம் குனிந்தார்.

“செண்பகம், இதோட பாஸ்வேர்டை மாத்திடும்மா. நானே வந்து கேட்டாலும் சொல்லிடாதே.”