எருமை நடந்த நெடுஞ்சாலை

எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்த காலம் அது. மனிதர்களைவிட மாடுகள் அதிகம் பேசின, மாடுகளைவிடத் தவளைகள் அதிகம் பேசின. பேச்சுக்குப் பஞ்சமில்லையே தவிர, சாலை என்று ஒன்று இல்லை. வடக்கே இருப்பவர் தெற்கே போக வேண்டுமென்றால் காட்டுக்குள் நுழைந்து, எந்தப் பக்கம் முள் குறைவாக இருக்கிறதோ அந்தப் பக்கமாகப் போக வேண்டியதுதான். ஒருவர் போன தடத்தில் அடுத்தவர் போவார், அவருக்குப் பின்னால் இன்னொருவர் போவார். அப்படித்தான் பாதை உண்டாகும். ஆகவே முதலில் நடக்கிறவருக்குக் கொஞ்சம் புத்தி இருப்பது நல்லது. நம்முடைய நேரம், வடக்கிலிருந்து தெற்குக் கடல்வரை முதலில் நடந்தவன் சடையாண்டி.

சடையாண்டி ஓர் எருமைக் கடா. செங்கல்பட்டு ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நாள் முழுவதும் ஊறிக்கொண்டிருப்பவன். நல்லவன்தான். அவனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஒருவரும் கிடையாது, ஏனென்றால் அவன் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. யார் கூப்பிட்டாலும் எழுந்து போவான். ஒரே தண்ணீரில் ஊறியவர்கள் எல்லாம் உறவு என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில் பன்றி பங்காளி, நண்டு அத்தை, தண்ணீர் குடிக்க வந்துபோன ஆடுகூட மச்சான்.

அவன் மனைவி கொம்பாயி. அவர்களுக்கு அஞ்சனம் என்று ஒரே மகள். மாப்பிள்ளை வீட்டார் தெற்கே குமரிக் கடலோரம். அவர்கள் கடலோரமாகவே நீந்தி வந்து பெண் பார்த்து, கட்டி, கடலோரமாகவே கூட்டிப் போய்விட்டார்கள்.

ஒரு நாள் தெற்கிலிருந்து ஒரு கொக்கு வந்து சடையாண்டியின் முதுகில் உட்கார்ந்தது.

"உங்க மக சொல்லி அனுப்பிச்சா. தலைச்சன் பிரசவம். பயமா இருக்குதாம். அப்பா வந்து பக்கத்துல நிக்கணுமாம்."

அஞ்சனம் அப்பாவைத் தேடியதற்குக் காரணம் இருந்தது. அவள் சின்னக் கன்றாக இருந்தபோது ஏரிச் சேற்றில் வயிறுவரை புதைந்துவிட்டாள். சடையாண்டி கரையில் நின்று, "எழுந்திருடா கண்ணு, எழுந்திரு" என்று கத்திக்கொண்டே இருந்தான். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கால் ஊன்றி மேலே வந்தாள். அதற்குப் பிறகு எந்தக் கஷ்டத்திலும் அவளுக்கு அந்தக் குரல் வேண்டும்.

கடல் கொந்தளித்துக் கிடந்ததால் நடந்துதான் போக வேண்டும். கொம்பாயி சீர் மூட்டை கட்டினாள். எள்ளுப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் மூட்டை நிறைய இருந்தன. அதைச் சடையாண்டியின் முதுகில் ஏற்றினாள். கொக்கு மூட்டைமேல் ஏறிக்கொண்டு வழி சொன்னது.

"காலைச் சூரியன் உங்க இடது கொம்புல பட்டா சரியான வழி. மூக்கு நேரா நடங்க. மேலேருந்து பார்த்துட்டேன், கோடு கிழிச்ச மாதிரி போயிடலாம்."

புறப்பட்டார்கள். கொஞ்ச தூரம் உண்மையிலேயே நேராகத்தான் போனார்கள். இப்போதும் அந்தப் பகுதியில் பஸ்ஸில் போகிறவர்கள் நன்றாகத் தூங்குவார்கள்.

இன்று திண்டிவனம் இருக்கிற இடத்துக்கு வந்தபோது புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "இன்னா பங்காளி, பார்த்தும் பார்க்காத மாதிரி போற? பெரிய ஆளாயிட்டியா?"

பன்றிதான். சடையாண்டியின் கால்கள் தாமாகவே திரும்பின.

"ஏங்க, அவரு இருக்கிறது மேற்கால. நாம போறது தெற்கால" என்றாள் கொம்பாயி.

"பக்கத்துலதானே. ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நமக்கு யாரு வருவா?"

அந்த ஒரு எட்டுக்கு அரை நாள் ஆனது. வெறுங்கையோடு போக முடியுமா? மூட்டையைப் பிரித்துக் கொஞ்சம் புண்ணாக்கு கொடுத்தான். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? பன்றி பதிலுக்குக் கோரைக்கிழங்கு கொடுத்தது. போதாததற்கு, "விழுப்புரத்துல என் மச்சினன் இருக்கான். இவ்ளோ தூரம் வந்துட்டு அவன் வீட்டுக்குப் போகலைன்னா என்னைத்தான் திட்டுவான்" என்றும் சொல்லி அனுப்பியது. ஆக விழுப்புரத்துக்கும் ஒரு வளைவு விழுந்தது.

விழுப்புரத்துக்கு வெளியே கொம்பாயி நின்றுவிட்டாள்.

"நீங்க உள்ள போய் எல்லாரையும் பார்த்துட்டு வாங்க. நான் ஊரைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போய் நிக்கிறேன்."

அப்படியே செய்தாள். அவன் ஊருக்குள் போய்ச் சந்து சந்தாக நலம் விசாரித்தான். அவள் வெளியே வெளியே சுற்றிப்போய், ஊர் முடிகிற இடத்தில் அசை போட்டுக்கொண்டு காத்திருந்தாள். இதற்கப்புறம் எந்த ஊர் வந்தாலும் இதே ஏற்பாடுதான். காத்திருந்த நேரத்தில் அவள் மனதுக்குள் அவனைத் திட்டிய திட்டையெல்லாம் நான் எழுதப் போவதில்லை.

திருச்சியில் காவிரிக் கரை நண்டு அவனை மடக்கியது. "மருமகனே, காவிரியைத் தாண்டுற, அத்தையைப் பார்க்காம போறியே, நல்லாவா இருக்கு? வா, நம்ம சொந்தக்காரங்க எல்லாரையும் காட்டுறேன்" என்று முன்னால் நடந்தது. நண்டு வழிகாட்டினால் வழி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நேராகக் கூட்டிப்போகத் தெரியாத இனம் அது. சடையாண்டி அதன் பின்னாலேயே பக்கவாட்டில் நடந்து, சுற்றிச் சுற்றி, ஒருவழியாக மறுகரை ஏறினான். கொஞ்சம் பருத்திக்கொட்டை போனது. பதிலுக்கு ஒரு காலி நண்டு ஓடு வந்தது.

மதுரையில் வெள்ளாடு விடவே இல்லை. "வாங்க மச்சான். மருதைக்கு வந்துட்டுக் கை நனைக்காமப் போறதாவது? இருந்து நாளைக்குப் போலாம்ல." சடையாண்டி இருந்தான். மறுநாள் ஆட்டின் தம்பி வீட்டிலும் இருந்தான்.

ஊருக்குத் தெற்கே கொம்பாயி காத்துக்கொண்டிருந்தாள். குமரிவரை பறந்து போய்விட்டு வந்த கொக்கு அவள்முன் இறங்கியது.

"அஞ்சனத்துக்கு மடி கனத்துடுச்சும்மா. இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குறா. வடக்கேயே பார்த்துக்கிட்டு இருக்கா."

கொம்பாயி ஊர்ப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"அவரு வந்தாச் சொல்லு. நான் என் மக வீட்டுக்குப் போறேன். வேற யாரு வீட்டுக்கும் போகலைன்னு சொல்லு."

அவள் எங்கும் நிற்கவில்லை. காலைச் சூரியனை இடது கொம்பில் வாங்கிக்கொண்டு மூக்கு நேராக நடந்தாள்.

சேதி கேட்டதும் சடையாண்டிக்கு உண்மையாகவே பதறியது. இனி யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்று கொக்கின் தலையில் அடித்துச் சொன்னான். கொக்குக்குத் தலை வலித்ததுதான் மிச்சம். விருதுநகரில் ஒருவர், கோவில்பட்டியில் ஒருவர், அப்புறம் கயத்தாறு வந்தது. கயத்தாற்றில் ஒரு கிழட்டுக் கழுதை இருந்தது.

"என்னவே, நம்ம வாசல் வழியாப் போறீரு, ஒரு வார்த்தை சொல்லாமப் போறீரே? இலை போட்டாச்சு, உக்காரும்" என்றது.

இலையில் என்ன பரிமாறியிருந்தது என்று கேட்காதீர்கள். எருமைக்கு இலைதான் சாப்பாடு. நல்ல அகலமான, தண்ணீர் தெளித்த தலைவாழை இலை. சடையாண்டி உட்கார்ந்தான். பாதி இலை உள்ளே போயிருக்கும். மறுபடி தெற்கே போயிருந்த கொக்கு மூச்சிரைக்க வந்து விழுந்தது.

"வலி எடுத்துடுச்சு. கன்னு குறுக்க நிக்குது. அப்பா அப்பான்னு கத்துறா. எழுந்து வாங்க."

சடையாண்டியின் பின்னங்கால்கள் எழுந்துவிட்டன. முன்னங்கால்களும் எழுந்திருக்கும். அதற்குள் கழுதை வாயைத் திறந்தது.

"பாதி இலையில எந்திரிச்சா எப்படிவே? கழுதை வீட்டுச் சாப்பாடு வாய்க்கு வெளங்கலைன்னு ஊரு பூரா பேசும்லா. மிச்சத்தையும் தின்னுட்டுப் போவும்."

அப்போது தெற்குக் காற்று திரும்பியது. அதில் ஒரு குரல் வந்தது. மெல்லிசாகத்தான் வந்தது, ஆனால் யாருடைய குரல் என்பதில் சந்தேகமே இல்லை. "அப்பா."

சடையாண்டி தெற்கே பார்த்தான். கழுதையின் முகத்தைப் பார்த்தான். மீதி இலையைப் பார்த்தான். பிறகு பின்னங்கால்களை மடக்கி மறுபடி உட்கார்ந்தான்.

வேகமாகத் தின்றுவிடலாம் என்று நினைத்தான். எருமை எப்போது வேகமாகத் தின்றிருக்கிறது? தின்று முடித்ததும் அசை போடாமல் எழுந்தால் அதுவும் மரியாதையில்லை என்றது கழுதை. அசை போட்டான். கொக்கு தனியாகப் பறந்து போனது.

அவன் குமரிக் கடலோரம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நல்லபடியாகத்தான் முடிந்திருந்தது. கொம்பாயி சரியான நேரத்துக்கு வந்து மகளின் தலைமாட்டில் நின்று, சடையாண்டி கத்த வேண்டியதையெல்லாம் அவளே கத்தியிருந்தாள். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மகளின் பக்கத்தில் ஈரம் காயாத ஒரு கன்று கால்களை நாலு பக்கமும் பரப்பிக்கொண்டு நிற்கப் பார்த்தது.

"வாங்க சம்பந்தி. எல்லாரு வீட்டையும் பார்த்தாச்சா? வேற யாரும் பாக்கி இல்லியே?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

சடையாண்டி சீர் மூட்டையை இறக்கிப் பிரித்தான். கோரைக்கிழங்கு இருந்தது, நண்டு ஓடு இருந்தது, மதுரை ஆடு பாதி கடித்துவிட்டுக் கொடுத்த ஒரு முருங்கைக் கிளை இருந்தது. புண்ணாக்கு ஒரு பொடிகூட இல்லை. அவன் மூட்டையைச் சத்தமில்லாமல் மறுபடி கட்டினான்.

"வழியில எல்லாரும் கூப்பிட்டாங்கம்மா" என்றான். "போகலைன்னா நல்லாவா இருக்கும்? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா..."

"எனக்கு நல்லது நடந்துச்சுப்பா" என்றாள் அஞ்சனம். "கெட்டதாவும் ஆகியிருக்கும். அதுல யாரு வந்தாங்க?"

அவன் மூட்டையின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினான்.

"நான் கூப்பிட்டது காதுல விழுந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். மகளிடம் வாய் வரவில்லை. "விழுந்துச்சு" என்றான்.

"எழுந்தீங்களா?"

"பாதி எழுந்தேன்மா."

அஞ்சனத்துக்கு அழுகை வந்துவிட்டது. அதோடேயே சொன்னாள். "என் சத்தத்துக்கு எழுந்திருக்காதவரு, இனிமே எவன் சத்தத்துக்கும் எழுந்திருக்கக் கூடாது. எவ்வளவு பெரிய ஆள் வந்து கத்தினாலும் சரி. சத்தியம் பண்ணுங்க."

சடையாண்டிக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. தான் நடந்து வந்த தடத்தின் நடுவிலேயே போய்ப் பொத்தென்று படுத்தான். "சத்தியம்" என்றான்.

கொஞ்ச நேரத்தில், அவன் போட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டு பன்றி வந்தது, ஆடு வந்தது, கழுதையும் வந்தது. "பங்காளி, எழுந்து வழி விடு" என்றார்கள். "மச்சான், என்னா மச்சான்" என்றார்கள். சடையாண்டி ஒரு காதை மட்டும் ஆட்டினான். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போனார்கள்.

அப்போது அந்தக் கன்று முதன்முதலாகக் கத்தியது. நடக்கத் தெரியாமல் நடந்துபோய் ஒரு குழியில் கால் மாட்டிக்கொண்டது. சத்தம் வந்து முடிவதற்குள் சடையாண்டி எழுந்து அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "எழுந்திருடா கண்ணு, எழுந்திரு" என்று கத்தினான்.

கொம்பாயி அடைத்த தொண்டையோடு சிரித்தாள். அஞ்சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இது சத்தியத்துல சேர்த்தி இல்லை" என்றாள்.

அவன் தடத்திலேயே பின்னால் மனிதர்கள் வண்டி ஓட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் கல் கொட்டினார்கள், அடுத்து வந்தவர்கள் தார் ஊற்றி நெடுஞ்சாலை என்றார்கள். இது ஏன் இங்கே போய் வளைகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொம்பாயி ஊர் ஊராகச் சுற்றிப் போன தடங்களை நெடுநாள் யாரும் சட்டை செய்யவில்லை. கடைசியில் அதையும் கண்டுபிடித்து, பைபாஸ் என்று பெயர் வைத்து, புதிதாகத் தாங்களே யோசித்தது போலப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

சாலையின் நடுவே படுத்திருக்கும் எருமையிடம் நீங்கள் ஹாரன் அடித்துப் பார்த்திருப்பீர்கள். லாரிக்காரர் அடிப்பார், பஸ்காரர் அடிப்பார், சிவப்பு விளக்கு வைத்த கார்க்காரரும் அடிப்பார். அது ஒரு காதை மட்டும் ஆட்டும். செங்கல்பட்டு சடையாண்டி மகளுக்குச் சத்தியம் செய்த நாளிலிருந்து அப்படித்தான். ஓரத்தில் எங்காவது ஒரு கன்று கத்தினால்தான் எழுந்திருக்கும், உடனே எழுந்திருக்கும், முழுசாக எழுந்திருக்கும்.